வீட்டு லொறியை விடச் சொல்லப் போனேன்

என் தம்பி சவரிமுத்துவுக்கு இலங்கையில் வீடு கிடையாது. லாரிதான் வீடு. மன்னார்ப் பக்கம் அதை லொறி என்பார்கள். அவனும் அப்படியே சொல்லப் பழகிவிட்டான், எனக்கும் இப்போது அப்படித்தான் வருகிறது. தையல் மெஷின் பழுதுபார்ப்பது அவன் தொழில். தேயிலைத் தோட்டம் ஒன்றில் மூட்டை இழுத்துக் களைத்த பழைய லொறியை வாங்கி, அதன் முதுகில் பலகையால் ஓர் அறை கட்டி, மேலே தகரம் போட்டு, அதிலேயே ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்தான். பேசாலையில் பிலோமினாவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் அதை விடவில்லை. ரீத்தா பிறந்தபோது அறையின் கூரையில் ஒரு கொக்கி அடித்துத் தொட்டில் கட்டினான்.

பிலோமினாவின் சித்தப்பா கருவாட்டு வியாபாரமாகத் தூத்துக்குடிக்கு வருவார். ஒருநாள் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பிலோமினாப் பிள்ளை சொல்லி அனுப்பினது. நீங்கள் ஒருக்கா வரவேணுமாம். லொறியை மாத்தச் சொல்லி நீங்கள் சொன்னாத்தான் சவரித் தம்பி கேக்குமாம். பிள்ளை சரியாப் பயப்படுது."

"எதற்குப் பயம்?"

"அதைத்தான் அதுக்கும் சொல்லத் தெரியேல்ல" என்றார்.

அந்தப் பதில் என்னோடேயே இருந்தது. எதற்கென்று தெரிந்த பயத்துக்கு ஏதாவது செய்யலாம். கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டதும் கப்பல் ஏறினேன்.

தலைமன்னார்த் துறையில் இறங்கும்போது, காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கப்பலில் குடலே வெளியே வந்துவிடும் போலிருந்த எனக்கு, தரையும் ஆடுவதாகத் தோன்றியது. சவரி கூட்டத்துக்கு மேலாகக் கையை ஆட்டிக்கொண்டு வந்தான். கறுத்து, மெலிந்து, நன்றாகச் சிரித்தான். அவன் பின்னால் நின்ற லொறியைப் பார்த்ததும் என் சிரிப்பு பாதியில் நின்றது. நோஞ்சான் எருமை ஒன்று தலையைத் தொங்கப்போட்டு நிற்பது போல் முன்பக்கம் சரிந்திருந்தது. பலகைச் சுவரில் ஒருகாலத்துப் பச்சை வர்ணம் செதில் செதிலாகத் தொங்கியது. கதவுக்கு மேலே அந்தோனியார் படம்.

உள்ளே போனால் வேறு உலகம். அத்தனை சுத்தம். இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் பலகை போட்டால் கட்டில். ஒரு மூலையில் பிரைமஸ் அடுப்பு, மறுமூலையில் தண்ணீர்ப் பீப்பாய். ஊசியும் நூல்கட்டையும் வைக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். அத்தனையும் அவனே செய்தது. ஊரில் வாடகை வீட்டில் நான் குடியிருக்கும் அறையைவிட இது ஒழுங்காக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு பாயில் கால் வைத்தேன். கால் அமிழ்ந்தது.

"அக்கா, அதுல மிதிக்காத! அங்க பலகை கொஞ்சம் நைஞ்சு போச்சு. தகரம் வச்சி அடிச்சிருக்கேன்."

பாயைத் தூக்கிப் பார்த்தேன். தகரத்துக்கும் பலகைக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி. அதன் வழியே வெள்ளை மணல் தெரிந்தது.

என்னை முன்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். துறைக்கு அவனோடு வந்திருந்த பிலோமினா குழந்தையோடு பின்னால் ஏறினாள். பேசாலை வரைக்கும் பனைமரங்களுக்கு நடுவே மணல் பாதை. புழுதி உள்ளே வராமலிருக்கப் பின்பக்கத்து ஜன்னல் பலகைகளை எல்லாம் இறக்கிக் கட்டியிருந்தாள். எஞ்சின் இருமிக்கொண்டும் உறுமிக்கொண்டும் போயிற்று. நான் கைப்பிடியை விடவே இல்லை.

பிலோமினாவின் தாய் வீட்டில் பிட்டும் கணவாய்க் கறியும் சொதியும் வைத்தார்கள். சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்யும் மஞ்சள் குழம்பு. நம் ஊர்க் காரத்தில் வளர்ந்த நாக்குக்கு முதலில் சப்பென்றிருந்தது, இரண்டாம் தரம் நானே கேட்டு வாங்கினேன். காப்பி கிடையாது, தேத்தண்ணிதான். பிலோமினா ஒன்றும் சாப்பிடவில்லை. வண்டியைவிட்டு இறங்கியதிலிருந்தே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"தலை வெடிக்குது மச்சாள்" என்றாள்.

"முறைக்காச்சல்" என்றார் அவள் தாய், மலேரியாவைச் சொல்கிறார். "இஞ்ச ஆருக்குத்தான் இல்லை. கொயினா குடுக்கிறம்."

கொயினா மருந்தைக் குடித்துவிட்டுப் படுத்தாள். மறுநாள் காலையில் முற்றத்து உரலில் மாவு இடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல மருந்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே மன்னார் நகரத்துக்குப் போனோம். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு மாடு நிற்பதுபோல் இங்கே கழுதைகள் நிற்கின்றன. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக வாசலில் கழுதை, ஆஸ்பத்திரி வாசலில் கழுதை, மீன்கடைக்குள்ளும் கழுதை. யாரும் விரட்டுவதில்லை. மீன்கடைக்குத் திரும்பும் முனையில் குட்டியோடு ஒன்று குறுக்கே நின்றது. சவரி பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை. மறுபடியும் மிதித்தான். அவன் முகத்தில் வேர்வை அரும்பியதைப் பார்த்தேன். கடைசியில் வண்டியை ஒடித்துத் திருப்பி மீன் கூடைகளுக்குள் விட்டான். திருக்கையும் சூடையுமாக மீன்கள் சிதறின. ஒரு பெண் எழுந்து நின்று கத்தினாள்.

"உன்ர வீட்டைக் கொண்டுவந்து எங்கட தலையில ஏத்தவோ பாக்கிறாய்? படுபாவி!"

அவள் மடியில் இருந்த மீன்கத்தி சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தது. அவள் கால் அதற்குப் பக்கத்தில்.  சவரி இறங்கி ஒவ்வொரு கூடையாக அடுக்கிக் கொடுத்தான். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிவிட்டு, "சரியாயிட்டு" என்றான்.

அன்று மத்தியானமே, பிலோமினா சொன்ன காதர் முதலாளி என்ற வியாபாரியின் கிடங்குக்கு அவளும் நானுமாக அவனை இழுத்துக்கொண்டு போனோம். பஸ் விடலாமென்று அவர் வாங்கிய வண்டி, பாதைக்கு உத்தரவு கிடைக்காததால் சும்மா நின்றது. அவ்வளவு புதிதில்லை, ஆனால் உடம்பெல்லாம் உறுதியான இரும்பு. தரை முழுத்தகடு. சவரி எஞ்சினைப் போடச் சொல்லி, மூடியைத் திறந்து, டாக்டர் நெஞ்சில் காது வைப்பதுபோல் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் மலர்வதைப் பிலோமினாவும் நானும் பார்த்தோம். அவள் என் விரலைப் பிடித்து அழுத்தினாள்.

"நல்ல வண்டிதான்" என்றான் நிமிர்ந்து. "ஆனா என் வண்டிக்கு இன்னும் ஒரு மழைக்காலம் ஓட உசுரு கிடக்கு."

அவள் விரலை விட்டுவிட்டாள்.

"தம்பி, வவுனியாவில இருந்து ஒராள் பாக்க வாறதெண்டு சொல்லியிருக்கு" என்றார் முதலாளி. "ஞாயிற்றுக்கிழமை வருவார். அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கோ."

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏல சவரி, காலையில அந்தப் பொம்பளை கால் போயிருக்கும். இன்னும் என்னல யோசனை?"

"அக்கா, ஊருல எல்லாரும் தூக்கிப் போடுத மெஷினத்தான் எங்கிட்ட கொண்டாராங்க. நான் தூக்கிப் போடாதன்னு சொல்லுதேன். ஓட வச்சிக் காட்டுதேன். அதான் என் பொழப்பு. என் வண்டியவே நான் தூக்கிப் போட்டா?" அவன் குரல் இறங்கியது. "ஒவ்வொரு பலகையும் நான் அறுத்தது அக்கா. நீ ஒண்ணு செய்யி. அடுத்த வேலை சிலாவத்துறையில, எங்கூட அது வரைக்கும் வா. வண்டி ஓடுததப் பாரு. திரும்பி வந்து நீ என்ன சொன்னாலும் கேக்கேன்."

இப்படி முடிவு என் தலையில் வந்து விழுந்தது.

மறுநாள் புறப்பட்டோம். மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலத்துப் பாதையில் இரண்டு பக்கமும் தண்ணீர். முந்தின நாள் பிரேக் செய்த வேலை நினைவிலேயே இருந்ததால் எதிரே ஒரு மாட்டுவண்டி வரும்போதெல்லாம் ஜெபம் சொன்னேன். அதைத் தாண்டியதும் காற்று மாறியது. வங்காலை, அப்புறம் உப்புவெளி, முள்ளுப் புதர், மறுபடியும் கடல். லொறியும் அன்று ஒழுங்காக ஓடியது. சவரி பாட்டுப் பாடினான். பழுதுபார்த்தே ஓட்டலாமோ, பிலோமினாதான் பயந்த சுபாவமோ என்று எனக்கே ஒரு சபலம் தட்டியது.

அருவியாற்றைக் கடக்கும் இடத்தில் ரோடு போடுகிறவர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். இரண்டு சிங்களவர்கள் எங்கள் வண்டியைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"'கடையா வீடான்னு தெரியலயே, ஆனா வண்டி இல்ல'ங்கான் ஒருத்தன்" என்று சவரியும் சிரித்தான். "மத்தவன், மேல மழை பேஞ்சிருக்கு, சீக்கிரம் திரும்பிடச் சொல்லுங்கான்."

அரிப்புக் கரையில் சிப்பி ஓடுகள் சக்கரத்தடியில் நொறுங்கின. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இங்கே ஒரு நகரமே கூடுமாம். எங்கள் ஊர்க்காரர்களும் வந்து முத்துக் குளித்திருக்கிறார்கள். இப்போது நண்டுகள் மட்டும் ஓடின.

சிலாவத்துறையில் வண்டி நின்றதும் பின்கதவு திறந்தது. பிலோமினா படியில் கால் வைக்கத் தெரியாமல் தடுமாறி மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். குழந்தை அவள் தோளில் துணிபோல் கிடந்தது. ஓடிப்போய் வாங்கினேன். கண்ணைத் திறந்தது, என்னைப் பார்த்தது, மறுபடியும் மூடிக்கொண்டது. பாலைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மறுபடியும் காய்ச்சல்" என்றான் சவரி கவலையோடு. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

நாங்கள் தங்கியது மீராசா என்ற மீன் வியாபாரி வீட்டு வளவில். பெரிய உடம்பு, சின்னக் குரல். மோட்டார் என்றாலே அவருக்கு நடுக்கம். எங்கள் லொறி சும்மா நிற்கும்போதுகூட அதற்கு முன்னால் நடக்கமாட்டார், பின்பக்கமாகச் சுற்றிப் போவார். அவர் மனைவி எங்களுக்குத் தேங்காய்ப்பால் சோறும் மீன் ஆணமும் கொடுத்தார். ஆணம் என்றால் குழம்பு. பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு, "என்ன மகள், காத்தாட்டம் இருக்கு பிள்ள" என்று வருந்தினார். ஆனால் சாயங்காலத்துக்குள் ரீத்தா எழுந்து கோழிக்குஞ்சுகளை விரட்டத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் வேலை. முக்காடு போட்ட பெண்கள் தையல் மெஷின்களைத் தலையில் வைத்தும் வண்டியில் ஏற்றியும் கொண்டுவந்தார்கள். ஆண்கள் நிற்கிற இடத்துக்கு வரக் கூச்சப்பட்டவர்கள் என்னிடம் வந்து கோளாறைச் சொன்னார்கள். நான் போய்ச் சவரியிடம் சொன்னேன். ஒரு மெஷின் ஓடத் தொடங்கும்போது அதைக் கொண்டுவந்தவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! தம்பிமேல் எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த இரண்டு நாளில் பிலோமினாவுக்குத் தலைவலி இல்லை. இரண்டாம் நாள் கிணற்றடியில் துணி துவைக்கும்போது அவள் தானாகவே பேசினாள்.

"மச்சாள், நான் சொன்னா விசர்க்கதை எண்டு நினைப்பியள்."

"சொல்லு."

"லொறி ஓடேக்க உள்ளுக்க ஆரோ இருக்கிற மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வந்து நெஞ்சில ஏறி இருக்கும். கையைக் காலை எடுக்க ஏலாது. பிள்ளை அழுதாலும் எழும்ப ஏலாது. நிண்டாப் போயிடும்." அவள் துணியைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "கோயில் சாமியாரைக் கூட்டியந்து மந்திரிச்ச தண்ணி தெளிச்சனாங்கள். போகேல்ல. இவருக்கு நான் முழுக்கச் சொல்லேல்ல. இவர் ஆசையாக் கட்டின வீடு. அதுக்குள்ள பேய் இருக்கெண்டு எப்பிடிச் சொல்லுவன்?"

வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது.  பேயில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. காய்ச்சலில் அப்படியெல்லாம் தோன்றும் என்று ஏதோ ஆறுதல் சொன்னேன். சொன்னது எனக்கே போதவில்லை.

திரும்பும் நாள் விடியும்போதே மழை. மீராசாவின் அண்ணன் மன்னார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போக வேறு வழி இல்லாததால், கலிமா சொல்லிக்கொண்டே அவர் எங்கள் லொறியில் ஏறினார். ஆண்பிள்ளை முன்னால் உட்கார, நான் பிலோமினாவோடு பின்னால் ஏறினேன். அந்த வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

மழை சாய்ந்து அடித்தது. ஜன்னல் பலகைகளை இறக்கி, அவற்றின் மேல் கித்தானையும் இழுத்துக் கட்டினோம். கதவைத் தாழிட்டோம். உள்ளே மங்கல். குழந்தை தொட்டிலில் கிடந்தது. ஈரத் துணி வாசனையும் எந்த வண்டியிலும் இருக்கும் எண்ணெய்ப் புகை வாசனையும் வந்தன, வேறு ஒன்றும் இல்லை. ஆற்றைத் தாண்டும்போது வண்டி சேற்றில் பதிந்துவிட்டது. சக்கரம் சுற்றிச் சுற்றி எஞ்சின் கதறியது. ரோடு வேலைக்காரர்கள் வந்து தள்ளும் சத்தம் கேட்டது. ஆற்றுநீர் அடித்தட்டில் மோதும் சத்தமும் கேட்டது. கவிழ்ந்துவிடுமோ என்றுதான் அப்போது பயந்தேன். ஒருவழியாக மேலே ஏறிற்று. கரை ஏறிவிட்டோம், இனிப் பயமில்லை என்று பெருமூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நெற்றியில் இறுக்கித் துணி கட்டியதுபோல் இருந்தது. கப்பல் மயக்கம் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். பிலோமினா பெஞ்சில் சரிந்து கிடந்தாள். தூங்குகிறாள், தூங்கட்டும் என்று விட்டேன். எனக்கும் தூக்கம் வந்தது. அது இனிமையான தூக்கம். இதைச் சொல்லத்தான் இன்றும் நடுங்குகிறேன். தொட்டிலிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. குழந்தை வாந்தி எடுத்திருந்தது. எழுந்து துடைக்க வேண்டும் என்று நினைத்தேன். எழவில்லை. மறுபடியும் நினைத்தேன். கால் என்னுடையதாகவே இல்லை.

நெஞ்சில் ஏறி இருக்கும், கையைக் காலை எடுக்க ஏலாது.

கிணற்றடியில் பிலோமினா சொன்ன சொற்கள் அப்படியே காதில் விழுந்தன. அந்த ஒரு கணத்தில் நான் பேயை நம்பினேன். ஆண்டவரே, இது உள்ளேதான் இருக்கிறது என்று நம்பினேன். கத்தினேன், குரல் வரவில்லை. பெஞ்சிலிருந்து தரையில் விழுந்தேன். கையில் அகப்பட்டது இடியப்ப உரல். அதைத் தூக்கி முன்பக்கத்துப் பலகையில் அடித்தேன். அடித்தேனா, உரசினேனா, தெரியாது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தேன்.

முன்னால் நடந்ததை மீராசா பிறகு சொன்னார். அவர் புறப்பட்டதிலிருந்தே ஒவ்வொரு சத்தத்துக்கும் பயந்துகொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார். "தம்பி, பின்னால என்னவோ தட்டுது" என்றாராம். "சட்டி பானை, மீராசா காக்கா" என்றானாம் சவரி. "சட்டி பானை இப்படித் தட்டாது. நிப்பாட்டுங்க!" என்று அந்தச் சின்னக் குரல்காரர் கத்திவிட்டாராம். சவரி நிறுத்தினான்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவர்கள் உடைத்துத் திறந்தார்கள். என் முகத்தில் மழை விழுந்தது. அடுத்து நான் பார்த்தது, சேற்றில் முழந்தாளிட்டிருந்த சவரியின் கையில் ரீத்தாவை. தலை பின்னால் தொங்கியது. அவன் அவளை உலுக்கினான், பெயர் சொல்லிக் கூப்பிட்டான், நெஞ்சோடு அணைத்தான், மறுபடியும் உலுக்கினான். மீராசா அவள் வாயை விரலால் துடைத்து, மழைத்தண்ணீரை முகத்தில் அடித்தார். பிலோமினா தவழ்ந்து வந்தாள். அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. சுற்றிலும் வெறும் உப்புவெளி. ஒரு குடிசை இல்லை, ஒரு மனிதன் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம் அதுதான்.

ரீத்தா இருமினாள். பிறகு மெல்லிய குரலில் அழுதாள். அழுகை பெரிதாகப் பெரிதாக நாங்களும் அழுதோம்.

எனக்கு மூச்சு சீராக வந்ததும் புத்தியும் திரும்பியது. வண்டி ஓடினால் வருகிறது, நின்றால் போய்விடுகிறது. பின்னால் இருந்தவர்களுக்குத்தான். முன்னால் இருந்த இருவருக்கும் ஒன்றுமில்லை. நானும் முன்னால் இருந்த நாட்களில் எனக்கு ஒன்றுமில்லை.

"சவரி, வண்டிக்கு அடியில பாரு. அந்தத் தகரத்துக்கு நேரா" என்றேன்.

சேற்றில் படுத்து உள்ளே நகர்ந்தான். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் சாம்பலாக இருந்தது.

"எஞ்சின் புகைக்குழாய் விட்டுப்போச்சு அக்கா. முழுசா அந்த ஓட்டைக்கு நேரா ஊதுது. இன்னைக்கி விட்டதில்ல, ஓரமெல்லாம் பழைய கரி. போன வருசம் நான் கட்டுன கட்டு அது. நல்லாக் கட்டிட்டேன்னு நினைச்சேன்." பிலோமினாவின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. "கொயினா கொடுத்தேனே அவளுக்கு. ஒரு வருசமாக் கொடுத்தேனே."

 பிலோமினா குழந்தையைத் தன் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு லொறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேய் இல்லை என்று தெரிந்ததில் அவளுக்கு நிம்மதியா, இன்னும் பெரிய பயமா, எனக்கு விளங்கவில்லை.

குழந்தை மறுபடியும் வாந்தி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். மன்னாருக்கு இன்னும் எவ்வளவோ தூரம். இருக்கிறது இந்த ஒரே வண்டி.

"நான் ஏறமாட்டன்" என்றாள் பிலோமினா. "நடந்தே போறன். மழையில செத்தாலும் சாவன், இதுக்குள்ள ஏறமாட்டன்."

சவரி எழுந்தான். கருவிப் பெட்டியிலிருந்து கடப்பாரையை எடுத்தான். பின்கதவின் கீலில் நுழைத்து நெம்பினான். கதவு பிய்ந்து சேற்றில் விழுந்தது. கித்தானை அறுத்தான். ஜன்னல் பலகைகளைப் பிடுங்கினான். பிறகு சுவரை எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு பலகையாக அவன் அறுத்து, இழைத்து, வர்ணம் பூசிய சுவர். ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. மீராசா தம் பங்குக்குக் கையால் இழுத்தார். இழுப்பறைகள் கவிழ்ந்து நூல்கட்டைகள் தண்ணீரில் உருண்டன. யாரும் பொறுக்கவில்லை. முடிந்தபோது நாலு கம்பமும் ஒரு தகரக் கூரையும்தான் மிச்சம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று.

"பிலோ, நீ முன்னால ஏறு. எம் பக்கத்துல" என்றான். "கண்ணாடியத் தட்டி எடுத்திட்டேன். காத்து வரும். வா."

அவள் குழந்தையின் முகத்தில் காற்றுப் படும்படி சேலையை விலக்கினாள். பிறகு ஏறினாள். நானும் மீராசாவும் பின்னால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றோம். வழியெல்லாம் அவர் கலிமாவையும் நான் ஜெபமாலையையும் சத்தமாகச் சொன்னோம். பாலத்துப் பாதையில் கடல் தண்ணீர் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிரேக்கைப் பற்றி அப்போது நான் நினைக்கவே இல்லை. குழந்தை அழுகிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை நின்றால் கூரையைத் தட்டுவேன். "முழிச்சுத்தான் இருக்கா!" என்று சவரி கத்துவான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எஞ்சின் புகையில ஒரு விஷக்காத்து இருக்கு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரை மாதிரித்தான் வரும். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நான் உங்களோட இப்பிடி இருந்து கதைச்சிருக்க மாட்டன். பிள்ளை இண்டைக்கு இஞ்ச இருக்கட்டும்."

பிலோமினா குழந்தையின் கட்டிலருகே இருந்து எழவே இல்லை. சவரி வாசல் தாழ்வாரத்தில் நாற்காலி காலியாக இருந்தும் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒருதரம் நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரும்பி வந்ததும் நான் சொல்வதாக இருந்த முடிவை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ரீத்தாவையும் தூக்கிக்கொண்டு காதர் முதலாளி கிடங்குக்குப் போனோம். வழி முழுக்க, வண்டி போயிருக்கும் என்ற பயம். போகவில்லை. மழையில் ரோடு உடைந்ததால் வவுனியாக்காரர் வரவில்லையாம். பழைய லொறியின் எஞ்சினையும் சக்கரங்களையும் விலையில் ஒரு பகுதியாக முதலாளி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சவரி தலையாட்டினான். "இனி உள்ளுக்க வீடு கட்டுறதெண்டா ஜன்னலுக்கு மூடி வேண்டாம்" என்றாள் பிலோமினா. அதற்கும் தலையாட்டினான். "மழைக்கு நானும் பிள்ளையும் பேசாலையில நிப்பம்." அதற்கும் தலையாட்டினான்.

பிறகு முதலாளி வண்டியின் எஞ்சினைப் போடச் சொன்னான். அது ஓடத் தொடங்கியதும், பின்பக்கம் ஏறி, எல்லா ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றி மூடினான். கதவையும் உள்ளேயிருந்து சாத்திக்கொண்டான்.

"என்ன செய்யிறார்?" என்றார் முதலாளி.

எங்களுக்குத் தெரிந்துவிட்டது.  எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே அவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, பரீட்சை எழுத வந்த பையனைப்போல் நேராக உட்கார்ந்திருந்தான். கிடங்குக் கூரையில் மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. அவன் தலை கொஞ்சம் சாய்ந்ததுபோல் இருந்தது. நான் பாய்ந்து கதவுப் பிடியில் கை வைத்தேன்.

"விடுங்கோ மச்சாள்" என்றாள் பிலோமினா. அவள் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும். அவர் பாக்கட்டும்."

நின்றோம். ரீத்தா கண்ணாடியைக் கையால் அடித்து, "அப்பா, அப்பா" என்றாள். அவன் அசையவில்லை. பிலோமினாவின் நகம் என் கையில் பதிந்தது. முதலாளி எஞ்சினை நிறுத்தப் போனார். அவரையும் அவள் தலையாட்டித் தடுத்தாள்.

கதவு திறந்தது. சவரி படியில் நின்று மூச்சை இழுத்து விட்டான். கண் சிவந்திருந்தது. அது புகையால் அல்ல.

"தலை வலிக்கல பிலோ" என்றான். "ஒண்ணும் செய்யல."

பிலோமினா குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஏறினாள். கதவைத் தானே சாத்தினாள்.

"நானும் ஒருக்கா இருந்து பாக்கிறன்" என்ற குரல் உள்ளேயிருந்து வந்தது.